தாய்மீது விழுந்த பழி

சிலாபத்துக்கு அண்மையிலுள்ள முன்னேஸ்வரம் ஈழத்தின் புராதன சிவத்தலங்களுள் ஒன்று. முன்னைநாதரையும் வடிவாம்பிகையையும் வழிபடத் தமிழரும் சிங்களவரும் அங்கே ஒருங்கு கூடுகின்றனர். அயலிலுள்ள காளி கோயிலில் நேர்த்தி வைப்போரும் பலர். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத, மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைப் பெற்ற தாய் எந்தச் சந்நிதியில் நின்றாலும் அவள் நெஞ்சில் எழும் வினா ஒன்றே: “நான் செய்த குற்றம் யாது?”

இவ்வினாவுக்கு விஞ்ஞானமும் ஒரு காலத்தில் கொடிய விடையையே அளித்தது.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த லியோ கனர் என்னும் மனநோய் வைத்தியர் 11 பிள்ளைகளின் வரலாற்றை வெளியிட்டார். பிறரோடு ஒட்டாது தம்முள்ளே ஒடுங்கியிருந்த அவர்களின் நிலையே இன்று ஓட்டிசம் எனப்படுகிறது. இது பிறவியிலேயே அமைந்தது என்று கனர் கருதினார். எனினும், அப்பெற்றோர் பலர் அன்பைக் காட்டாதவர் என்றும் எழுதிவைத்தார். முன்னதை உலகம் மறந்தது, பின்னதைப் பற்றிக்கொண்டது. சிக்காகோவிலிருந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலினால், தாயின் அன்பின்மையே காரணம் என்னும் கருத்து எங்கும் பரவியது. பிள்ளையால் துயருற்ற தாய் பழியாலும் துயருற்றாள்.

இப்பழியை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர் பேர்னாட் ரிம்லண்ட். உளவியலறிஞராகிய அவர் ஓட்டிசமுள்ள மகனொருவனின் தந்தையுமாவார். மூளையின் அமைப்பிலேயே காரணத்தைத் தேடவேண்டும் என்று 1964இலேயே அவர் நூலெழுதி வாதிட்டார். 1969இல் பெற்றோர் சங்கத்தின் கூட்டமொன்றில் கனர் தாமே பெற்றோரைக் குற்றமற்றவர் என அறிவித்தார்.

அறிவிப்பு மட்டும் போதாது, சான்று வேண்டும். அதனை 1977இல் சூசன் ஃபொல்ஸ்டீனும் மைக்கல் ரட்டரும் இலண்டனிலிருந்து அளித்தனர். அவர்கள் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்தனர். உருவொத்த இரட்டையர் ஒரே பரம்பரை அமைப்பை உடையவர். ஏனைய இரட்டையர் சாதாரண உடன்பிறந்தாரைப் போன்றவர். உருவொத்த 11 சோடிகளுள் 4 சோடிகளில் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. மற்றைய 10 சோடிகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. ஒரு சோடியிலுள்ள இருவரும் ஒரே தாயின் மடியில் ஒரே காலத்தில் வளர்ந்தவர்களே. ஆகவே, சோடிகளிடையே கண்ட இவ்வேறுபாடு தாயின் வளர்ப்பால் விளைந்ததன்று, பரம்பரையால் விளைந்தது.

கல்கத்தாவில் பிறந்த அரவிந்த சக்கரவர்த்தி, கனர் பணியாற்றிய அதே ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் இவ்வாராய்ச்சியை மேலும் முன்னெடுத்தார். ஓட்டிசம் பெண்களில் குறைவாகவே காணப்படுவது. ஆதலால் அது கடுமையாகத் தோன்றிய பெண்பிள்ளைகளில் வலிய காரணம் இருத்தல் வேண்டும் என அவர் குழுவினர் எண்ணினர். 2015இல் டெல்டா கட்டெனின் என்னும் புரதத்துக்குரிய மரபணுவில் பழுதைக் கண்டனர். அம்மரபணு கருவிலுள்ள சிசுவின் மூளையிலேயே மிகுதியாகத் தொழிற்படுகிறது. நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று இணைவதற்கு உதவுகிறது. தாய் பிள்ளையைக் கையில் ஏந்துமுன்னரே மூளையின் பாதை வகுக்கப்பட்டுவிடுகிறது என்பது இதனால் தெளிவாகிறது.

2020இல் 35,000க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் ஓட்டிசத்தோடு தொடர்புடைய 102 மரபணுக்களைச் சுட்டினர். மரபணு மாற்றங்களுள் சில பெற்றோர் இருவரிடத்தும் இல்லாது பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவன. ஆகவே, பரம்பரை என்னும் சொல்லைக் கொண்டு தாய்வழியையோ தந்தைவழியையோ பழிப்பதற்கும் இடமில்லை.

இலங்கையின் சிறுநகர்ப்புறம் ஒன்றில் நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்று, 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. மரபணுவைக் கண்டதனால் மருந்து கிடைத்துவிடவில்லை. ஆனால், இளவயதிலேயே அறிந்து பேச்சுக்கும் பழக்கத்துக்கும் பயிற்சி அளித்தால் பிள்ளைக்கு நற்பயன் உண்டு. குற்ற உணர்வால் பிள்ளையை வீட்டினுள் மறைத்துவைக்கும் தாய் அப்பயிற்சிக்குரிய காலத்தை இழக்கிறாள்.

முன்னேஸ்வரத்தில் நேர்த்தி வைக்கும் தாய் தன் வேண்டுதலைத் தாராளமாகச் செய்யலாம். மன்னிப்பை மட்டும் அவள் வேண்டத் தேவையில்லை.