உச்சவரம்புக்கு வெளியே ஒரு போர்: அமெரிக்க அவசர நிதியும் நாடாளுமன்ற அதிகாரமும்

2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த சில நாட்களுக்குள் அமெரிக்க நாடாளுமன்றம் 4,000 கோடி டாலரை அவசரச் செலவாக ஒதுக்கியது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துணை மானியக் கோரிக்கை என்ற வழியே எதிர்பாராததைச் சமாளிக்கத்தான் இருக்கிறது. ஆனால் ஆப்கானிஸ்தான், ஈராக் போர்கள் பல ஆண்டுகள் நீண்ட பிறகும் அவற்றின் செலவு ஏன் விதிவிலக்காகவே நீடித்தது?

போருக்குத் தனிக் கணக்கு வைத்ததே தவறு என்பது வழக்கமான குற்றச்சாட்டு. அதை நான் ஏற்கவில்லை. தனிக் கணக்கு இருந்ததால்தான் போருக்குப் போகும் பணத்தை ஓரளவேனும் பிரித்தறிய முடிந்தது. தவறு, அக்கணக்குக்கு அளித்த விலக்கில் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறைப்படி, அதிபரும் நாடாளுமன்றமும் ‘அவசரம்’ எனக் குறித்த தொகை செலவு உச்சவரம்பில் சேராது. அச்சட்டத்தின் வரம்புகள் 2002-இல் காலாவதியான பின்னும், நாடாளுமன்றத்தின் ஆண்டு நிதித் தீர்மானங்களில் விலக்கு தொடர்ந்தது. கொரியப் போரின்போது ட்ரூமன் அரசு வரியை உயர்த்தியது. வியட்நாம் போருக்காக 1968-இல் வருமான வரியின் மேல் 10 விழுக்காடு கூடுதல் வரி வந்தது. ஈராக் போர் தொடங்கிய 2003-இல் வரியைக் குறைத்தார்கள்.

களத்தில் நிற்கும் படைக்காக, ஓராண்டுக்கு முன்பே போட்ட திட்டத்தை நம்பியிருக்க முடியுமா என்ற கேள்வி முதல் ஆண்டுக்குப் பொருந்தும். ஐந்தாம் ஆண்டில் எரிபொருள் செலவையும் வீரர் எண்ணிக்கையையும் பெருமளவு கணிக்க முடியும். 2006-இல் செனட்டர் ஜான் மெக்கெயின் முயற்சியால், போர்ச் செலவை ஆண்டுத் திட்டத்தோடு சேர்த்தே கோர வேண்டும் என்பது சட்டமாயிற்று. மறு பிப்ரவரியில் புஷ் அரசு அவ்வாறே கோரியது. கோரும் நாள்தான் மாறியது. அவசர முத்திரை மாறவில்லை.

விலக்கின் முழு விளைவு 2011-க்குப் பின்பே தெரிந்தது. அவ்வாண்டின் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்புச் செலவுக்குக் கடும் வரம்பு வைத்தது. ஒபாமா ஆட்சியில் ‘வெளிநாட்டு எதிர்பாரா நடவடிக்கைகள்’ எனப் பெயர் பெற்றிருந்த போர்க் கணக்குக்கு அந்த வரம்பு இல்லை. அன்றாடப் பராமரிப்புச் செலவுகள் அதற்குள் நுழைந்தன. ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியதை அடுத்து, ஐரோப்பாவில் படைவலிமை கூட்டும் பணமும் அங்கிருந்தே போனது. வழக்கமான செலவில் 3,800 கோடி டாலரை அக்கணக்குக்கு மாற்றிய மசோதாவை 2015 அக்டோபரில் ஒபாமா ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்பினார். 2020 நிதியாண்டுக்கு ட்ரம்ப் அரசு அக்கணக்கில் கேட்டது சுமார் 16,400 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 9,800 கோடி அடிப்படைச் செலவுக்கானது என்று அரசே ஒப்புக்கொண்டது.

இதனால் நாடாளுமன்றம் எதை இழந்தது? பணம் மறுக்கும் அதிகாரத்தை அன்று. போரிடும் படைக்குப் பணம் மறுக்க உறுப்பினர்கள் எளிதில் துணிவதில்லை. இழந்தது ஒப்பிடும் அதிகாரத்தை: இந்தப் போருக்காக எந்தத் திட்டத்தைக் கைவிடுவது, எந்த வரியைக் கூட்டுவது என்று கேட்கும் வாய்ப்பை. பிரான்ஸிலும் வெளிநாட்டுப் படை நடவடிக்கைகளுக்குக் குறைவாகவே ஒதுக்கிவந்தார்கள். 2014-இல் ஒதுக்கீடு 45 கோடி யூரோ. செலவு 110 கோடிக்கு மேல். அதைத் தணிக்கை மன்றம் கண்டித்தது நியாயமே. ஆயினும் பற்றாக்குறையைப் பிற அமைச்சகங்களும் சேர்ந்து சுமந்தன. ஆகவே போரின் விலையை, தாமதமாகவேனும், அரசுக்குள்ளேயே உணர்ந்தவர்கள் இருந்தார்கள்.

2022 நிதியாண்டு முதல் பைடன் அரசு போர்க் கணக்கை மூடியதைச் சீர்திருத்தம் என்று வரவேற்றவர்கள் உண்டு. மறைந்தது தனிக் கணக்கு தந்த தெளிவு மட்டுமே, விலக்கு பிழைத்துக்கொண்டது. 2023-இல் புதிய வரம்புகள் சட்டமாயின. அடுத்த ஏப்ரலில் உக்ரைன், இஸ்ரேல், தைவான் தொடர்பாக நிறைவேறிய சுமார் 9,500 கோடி டாலர் நிதி அவசரச் செலவாகவே வரம்பைக் கடந்தது. உக்ரைன் போர் அப்போது மூன்றாம் ஆண்டில் இருந்தது. செய்திருக்க வேண்டியது நேர்மாறானது: தனிக் கணக்கை வைத்துக்கொண்டு விலக்குக்குக் காலக்கெடு விதிப்பது. இரண்டு ஆண்டுக்குப் பின் ஒவ்வொரு டாலரும் வரம்புக்குள் வர வேண்டும் என்றிருந்தால், 2004 தேர்தலிலேயே ஈராக் போருக்கான வரியைப் பற்றி வேட்பாளர்கள் பேசியாக வேண்டியிருந்திருக்கும்.