சம்பளமும் சாக்பீசும்: ஒரு பள்ளிக்கூடக் கணக்கின் வரலாறு

1

2019 ஜனவரி கடைசி வாரம். ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. டி. கல்லுப்பட்டியில் சாலையோர டீக்கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். பருத்தி போட்டு நொடித்துப்போன பெரியவர் ஒருவர் பேப்பரை மடித்துப் பெஞ்சில் போட்டுவிட்டுச் சொன்னார்: ‘வாத்தியாருக்குக் கொட்டிக் குடுக்குற சம்பளத்துல பாதியப் பள்ளிக்கூடத்துல போட்டா, பள்ளிக்கூடம் எங்கயோ போயிருக்கும்ல.’

உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. ‘சம்பளத்தக் கொறச்சா மிச்சம் பள்ளிக்கூடத்துக்கு வரும்னு யாரு சொன்னா அண்ணே? முப்பத்திரண்டு வருசம் இருந்தேன். சாக்பீசு என் காசுலதான் வாங்குனேன். சம்பளம் கம்மியா இருந்தப்பவும் அப்படித்தான், கூடினப்பவும் அப்படித்தான்’ என்றார்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான அடிக்குறிப்பு மட்டுமே. ஆசிரியர் சம்பளம் ஒருபுறம், பள்ளிக்கூடம் மறுபுறம். ஒன்று கூடினால் மற்றது குறையும் என்கிற இருமை எதிர்வு நம் பொதுப்புத்தியில் இயற்கை விதியைப்போல உட்கார்ந்திருக்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். ஆசிரியரிடம் மிச்சம் பிடித்த காசு எந்தக் காலத்திலாவது பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா?

2

1854இல் வந்த உட் அறிக்கையிலிருந்துதான் ‘மானியம்’ என்ற சொல் நம் கல்விக்குள் நுழைகிறது. அரசு தானே எல்லாப் பள்ளிகளையும் நடத்தாது. நடத்துகிறவர்களுக்கு உதவி செய்யும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். எத்தனை பிள்ளை வாசிக்க, எழுத, கணக்குப் போடத் தேறுகிறதோ அதற்கேற்பப் பள்ளிக்கு மானியம். இந்த ‘விளைவுக்கேற்ற மானியம்’ கடல் கடந்து சென்னை மாகாணத்துக்கும் வந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுக்கத் தொடக்கப் பள்ளிகளை ஆட்டிவைத்தது. அதுவரை நெல்லும் கம்பும் கூலியாக வாங்கிக்கொண்டிருந்த திண்ணைப் பள்ளி ஆசிரியர், இப்போது ஆய்வாளர் வரும் நாளில் எத்தனை பையன்கள் தேறுவார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் மனிதரானார். காய்ச்சலில் ஒரு பையன் வராவிட்டால் ஆசிரியர் வீட்டு உலையில் அரிசி குறையும்.

அரசு இன்மையை ஊர்கள் வேறு விதமாகவும் நிரப்பின. பக்கத்து விருதுநகரில் நாடார் வணிகர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட மகமையைக் கொண்டு 1889இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்திய பள்ளி. காமராஜ் படித்தது இங்கேதான். பெருமைக்குரிய கதைதான். ஆனால் மகமை போடக் கடையும் சரக்கும் இருந்த சாதிக்குத்தான் அந்த வழி திறந்திருந்தது. கரிசல் காட்டில் கூலிக்குக் களை எடுத்த சாதிகள் எதைக்கொண்டு மகமை போடுவது?

3

கல்லுப்பட்டியிலிருந்து இதை எழுதுகிறவன் காந்தி நிகேதனைத் தாண்டிப் போக முடியாது. 1940இல் வெங்கடாசலபதி தொடங்கிய ஆசிரமம். ஜே.சி. குமரப்பா கடைசி ஆண்டுகளில் தங்கியிருந்தது இங்கேதான். அவரைப் ‘பசுமைச் சிந்தனையாளர்’ என்று இன்று கொண்டாடுகிறோம். அவர் லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம். இந்தியாவின் வறுமையை அரசின் வரவுசெலவுக் கணக்கிலிருந்து வாசித்தவர் அவர். வரி யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது? நமக்கு இங்கே தேவைப்படுவதும் அந்தக் கேள்விதான்.

1937இல் மாகாண ஆட்சியைப் பிடித்த காங்கிரஸ், மதுவிலக்குக்கு வாக்குக் கொடுத்திருந்தது. கல்விக்கு ஒதுக்கக் கிடைத்த பணமோ பெருமளவு கள், சாராய வருமானம். குடியை நிறுத்தினால் பள்ளிக்கூடத்துக்குக் காசில்லை. இந்த முடிச்சைத்தான் காந்தி அவிழ்க்கப் பார்த்தார். பள்ளி தன் செலவைத் தானே ஈட்டட்டும். பிள்ளைகள் நூற்கும் நூலின் விலையிலிருந்து ஆசிரியர் சம்பளம் வரட்டும் என்றார். அக்டோபரில் வார்தாவில் மாநாடு கூடியது. ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. குமரப்பா அதில் உறுப்பினர்; பொருளியலாளர் கே.டி. ஷாவும் உறுப்பினர். ஷா மாநாட்டிலேயே தன்நிறைவு யோசனையை எதிர்த்துப் பேசினார். குழுவின் அறிக்கையும், பொருளாதாரப் பக்கத்தை மட்டும் அழுத்தினால் கல்வியின் நோக்கமே பலியாகும் ஆபத்து இருப்பதைச் சுட்டிக்காட்டியது.

கைவேலைக்கு மதிப்புத் தேடிய காந்தியின் நோக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பிரதியின் இடைவெளியில் நிற்பது ஆசிரியரின் சம்பளம். அரசின் கஜானாவிலிருந்து அதை இறக்கிக் குழந்தையின் தக்கிளியில் தொங்கவிட்டாயிற்று. இழை அறுந்தால் கூலி அறும். லோவின் ஆய்வாளர் போய், நூல் சிட்டம் வந்தது.

அதே 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி, இழந்த வருமானத்துக்கு ஈடாக 1939இல் பொது விற்பனை வரியைப் போட்டார். ஒரு வரி போனால் இன்னொரு வரி. அந்த வரி யார் தலையில் விழுந்தது என்ற கேள்வி இருக்கட்டும். அரசின் செலவை அரசே தேட வேண்டும் என்ற ஒப்புதலாவது அதில் இருந்தது.

4

அந்த ஒப்புதல் 1953இல் காணாமல் போயிற்று. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி. மீதி நேரம் பெற்றோர் தொழில். பெரியார் அதைக் ‘குலக்கல்வி’ என்று சரியாகவே பெயரிட்டார். சாதியைப் பற்றி அந்த எதிர்ப்பு சொன்னது நமக்குத் தெரியும். அதற்குள் இருந்த கூலிக் கணக்கை நாம் அதிகம் பேசவில்லை. அதே கட்டிடம், அதே ஆசிரியர், காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். காசு கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டும் தந்திரம். ஆசிரியரிடம் கறந்த மிச்சம் பிள்ளைக்குப் பாதி நாள் பள்ளியாகத்தான் வந்து சேர்ந்தது. 1954இல் ராஜாஜி விலகினார், திட்டமும் கைவிடப்பட்டது.

அடுத்து வந்த சில ஆண்டுகளைக் கவனியுங்கள். 1955இல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், வருங்கால வைப்புநிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம். 1956இல் மதிய உணவு. 1958 முதல் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊரார் மேசை, நாற்காலி, மணி, குடிநீர்ப் பானை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆசிரியரின் முதுமைக்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் பள்ளியின் கூரைக்கும் ஒரே காலத்தில் வழி தேடப்பட்டது. ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பது விதியானால், இந்த ஆண்டுகள் நடந்திருக்கவே முடியாது.

இதற்குள்ளும் ஒரு விரிசல் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. சம்பளம் அரசின் கடமை, கூரை ஊரின் தர்மம் என்ற பிரிவினை இங்கேதான் உறைகிறது. உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்துக்கான மானியம் வேறு, பராமரிப்பு மானியம் வேறு. முன்னதற்குக் கேட்கச் சங்கம் உண்டு. பின்னதற்கு யாருண்டு?

5

1981 ஜூன் முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். ஒன்றியத் தலைவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய அவமானம் போயிற்று. 1980களின் இரண்டாம் பாதியில் ஆசிரியர்கள் சிறை நிரப்பிப் போராடினார்கள், 1.6.1988 முதல் மத்திய அரசு ஊழியருக்கு இணையான ஊதிய விகிதம் கிடைத்தது. கேலிக்குரிய ‘வாத்தியார்’, கடன் வாங்காமல் பிள்ளையைப் படிக்கவைக்கும் மனிதராக மாறியது இந்தப் பத்தாண்டில்தான். இதை வெறும் நடுத்தர வர்க்கச் சலுகை என்று எழுதும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இடஒதுக்கீட்டின் வழி முதல் தலைமுறையாக உள்ளே வந்த தலித், பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு அந்தச் சம்பளம் நிலம் இல்லாதவர் வாங்கிய நிலம்.

அடுத்து வந்தது ஒரு அமைதியான வாக்கியம். 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கும் புதிய வகுப்புகளுக்கும் மானியம் கிடையாது. எந்தப் பள்ளியும் மூடப்படவில்லை. யாருடைய சம்பளமும் வெட்டப்படவில்லை. அதனால் ஊர்வலமும் இல்லை. கதவு மட்டும் சாத்தப்பட்டது. 1988இல் ஆசிரியரின் விலை ஏறியது. மூன்றே ஆண்டில் அந்த விலையைக் கொடுக்க வேண்டிய புதிய பள்ளிகள் எவையும் இனிமேல் தன் பொறுப்பல்ல என்று அரசு சொல்லிவிட்டது. ஒன்றுக்கொன்று காரணம் என்று எந்தக் கோப்பும் சொல்லாது. நான் இரண்டையும் சேர்த்து வாசிக்கிறேன். 1997 டிசம்பரில் வந்த அரசாணை 525, பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிட்டது. ‘உபரி ஆசிரியர்’ என்ற சொல் பள்ளிக்கூடங்களில் புழங்கத் தொடங்கியது.

சாத்திய கதவுக்கு வெளியே மெட்ரிகுலேஷன் பள்ளிகள் முளைத்தன. அங்கே சில ஆயிரங்களுக்குப் பாடம் எடுக்கும் பெண்களின் குறைந்த கூலியும், பெற்றோர் கட்டும் கட்டணமும் அரசு கைவிட்ட செலவைச் சுமந்தன. அந்த மிச்சமும் கல்லுப்பட்டி ஒன்றியத்துப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

6

2003இல் நான் பள்ளி மாணவன். ஏப்ரல் 1க்குப் பிறகு பணியில் சேருவோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றாகியிருந்தது. ஜூலையில் வேலைநிறுத்தம். அரசு ஊழியர், ஆசிரியர் என்று சுமார் 1,70,000 பேர் பணிநீக்கம். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்து உள்ளே போனார்கள். பெரியவர்கள் முகத்தைப் பார்க்காமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் நினைவில் இருக்கின்றன. வீதியில் யாரும் அவர்களுக்காகப் பேசவில்லை என்பதும் நினைவில் இருக்கிறது.

அதே ஆண்டு நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 1937இன் முடிச்சு அறுபத்தாறு ஆண்டு கழித்துத் தலைகீழாகக் கட்டப்பட்டது. சாராயக் காசு அரசுக்கு வந்தது. ஆசிரியருக்கு? தொகுப்பூதியம். மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குப் புதிய ஆசிரியர்கள் எடுக்கப்பட்டு, 1.6.2006 முதல்தான் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். டாஸ்மாக் கடையில் நின்ற பட்டதாரிக்கும் தொகுப்பூதியமே.

பிறகு கூலியைத் துண்டாக்கும் கலை வளர்ந்தது. 1.6.2009க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். அன்று முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வகுப்பறை, ஒரே கரும்பலகை. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. 2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப முடிவு: 7,500, 10,000, 12,000. என்னோடு முதுகலைத் தமிழ் படித்தவர்களில் ஒருத்தி நிரந்தரப் பணியில் இருக்கிறாள். ஒருவன் அந்த 12,000க்குப் போனான். இன்னொருத்தி தனியார் பள்ளியில் அதைவிடக் குறைவுக்கு. மூவரும் நடத்துவது அதே குறுந்தொகைப் பாட்டுத்தான்.

இத்தனை மிச்சமும் எங்கே போயிற்று? சமக்ர சிக்ஷா நெறிமுறைப்படி, நூறு பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு முழுமைக்குமான மானியம் 25,000 ரூபாய். முப்பது பிள்ளைகளுக்கு மேற்படாவிட்டால் 10,000. சாக்பீசு, விளக்குமாறு, பழுதுபார்ப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள். பெரியவர் சொன்ன ‘எங்கயோ’ இதுதான்.

7

அந்தக் காசும் நிச்சயமில்லை என்பதை 2024 காட்டியது. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. மொழிக் கொள்கை பற்றிப் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்தத் திட்டத்தில்தான் பகுதிநேர ஆசிரியரின் சம்பளமும் சின்னப் பள்ளியின் விளக்குமாறும் ஒரே தலைப்பில் இருந்தன. பணம் நின்றபோது இரண்டும் சேர்ந்தே ஆபத்துக்குள்ளாயின.

லோவின் நாட்டுக்கும் ஒரு பார்வை. அதே 2025 மே மாதம் இங்கிலாந்து அரசு ஆசிரியர்களுக்கு 4 விழுக்காடு ஊதிய உயர்வை அறிவித்தது. கூடுதல் நிதியும் கொடுத்தது. ஆனால் அதில் முதல் 1 விழுக்காட்டைப் பள்ளிகள் தங்கள் வரவுசெலவுக்குள்ளேயே சிக்கனம் செய்து தேடிக்கொள்ள வேண்டும். உயர்வை அறிவிக்கும் கை ஒன்று. அதன் ஒரு பகுதியைத் துணை ஆசிரியர், நூலகம், வண்ணப் பென்சில் ஆகியவற்றிலிருந்து பிடுங்கச் சொல்லும் கையும் அதுவே. ஆசிரியரும் பள்ளியும் ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்பதாக மக்கள் நம்பிவிட்டால், தட்டில் போடுகிறவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

8

பெரியவருக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஆனால் பெரியவரின் கோபத்திலும் ஒரு நியாயம் உண்டு. அவர் பேரப் பிள்ளை படிக்கும் பள்ளியில் ஆசிரியரின் பிள்ளை படிப்பதில்லை. சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஊதியக் குழு நிலுவை முதலில் வரும். பகுதிநேர ஆசிரியர் கடைசியில் வருவார். கழிப்பறை கழுவும் பெண் பெரும்பாலும் வரவே மாட்டார். 2003இல் வீதி மௌனமாக இருந்ததற்கு இந்தப் பட்டியலின் மௌனமும் ஒரு காரணம். ஆசிரியர் இயக்கத்துக்குள் இருக்கும் நண்பர்கள் இதைக் கேட்டு வருத்தப்படலாம். வருத்தப்பட்டாவது பேசுங்கள்.

என் யோசனை எளியது. ஊதிய உயர்வுக்கான ஒவ்வொரு அரசாணையோடும் மூன்று கணக்குகள் சேர்ந்து வர வேண்டும் என்று சங்கங்களும் பெற்றோரும் ஒரே மேடையில் நின்று கேட்க வேண்டும். எத்தனை பணியிடங்கள் நிரப்பப்படும், பராமரிப்பு மானியம் எவ்வளவு உயரும், பள்ளியைக் கூட்டுகிறவருக்கு என்ன கூலி. இவற்றுக்கான பணம் எந்த வரியிலிருந்து, யாரிடமிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குமரப்பா படித்த பொது நிதி அந்த ஆசிரமக் குடிலோடு முடிந்துபோக வேண்டியதில்லை.

அந்தத் தலைமையாசிரியரை அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை கடையில் பார்த்தேன். முப்பத்திரண்டு ஆண்டில் சாக்பீசுக்கு மட்டும் எவ்வளவு ஆகியிருக்கும் சார் என்று ஒருமுறை கேட்டேன். ‘அதெல்லாம் எழுதி வைக்கல தம்பி’ என்றார். ‘எழுதி வச்சிருக்கணும்.’