எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய உடல், மன நிலைகள்

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை என்பது, இரைப்பையின் கொள்ளளவைச் சுருக்கியோ உணவு செல்லும் குடற்பாதையை மாற்றியோ மிகை உடற்பருமனைக் குறைக்கும் மருத்துவ முறை. மருத்துவமனைகளில் பேரியாட்ரிக் சர்ஜரி என்ற பெயரே புழங்குகிறது. இரைப்பையை நீளவாக்கில் வெட்டி ஒரு வாழைப்பழ அளவுக்குக் குறுக்கும் ஸ்லீவ் முறையும், இரைப்பையின் மேல்நுனியில் சிறு பையை மட்டும் விட்டு அதைச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறையும் பரவலானவை. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் நோயாளி உடலாலும் மனத்தாலும் கடக்க வேண்டியவை ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. மருத்துவ உலகம் அவற்றைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியது மிகத் தாமதமாகத்தான்.

தொடக்ககால வரலாறு

எடையைக் குறைப்பதற்கென்றே குடலில் கத்தி வைத்தவர்களில் முதலில் பேசப்படுபவர் சுவீடனைச் சேர்ந்த விக்டர் ஹென்ரிக்சன். ஒரு பெண்ணின் சிறுகுடலில் 105 செ.மீ. நீளத்தை வெட்டி நீக்கியது குறித்து அவர் 1952இல் எழுதினார். வெட்டி எறிந்த குடலைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் அந்த வழி நிலைக்கவில்லை. 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆர்னால்ட் கிரெமன், ஜான் லின்னர் குழுவினர் வேறு வழியை முன்வைத்தனர். சிறுகுடலின் முன்பகுதியைக் கடைப்பகுதியோடு இணைத்துவிட்டு, நடுவிலுள்ள நீண்ட குடலை உணவு தொடாதபடி ஒதுக்கிவைக்கும் முறை அது.

லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த பெய்ன் 1956 முதல் இன்னும் ஒரு படி மேலே போய், சிறுகுடலின் தொடக்கப் பகுதியைப் பெருங்குடலோடு நேராகவே இணைத்தார். எடை மளமளவென்று இறங்கியது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கும் உடலின் உப்புச்சத்துக் குலைவும் வந்தன. குடலைப் பழையபடி இணைத்தபோது இழந்த எடை மீண்டும் ஏறியது. இதிலிருந்து பெய்னும் அவருடைய சக மருத்துவர் டிவிண்டும் 35 செ.மீ. முன்குடலையும் 10 செ.மீ. கடைக்குடலையும் மட்டும் பயன்பாட்டில் விடும் முறைக்கு வந்து, 1969இல் அதை வெளியிட்டனர். எழுபதுகளில் ஆயிரக்கணக்கானோருக்கு இத்தகைய அறுவை நடந்தது. சிறுநீரகக் கற்கள், மூட்டு வலி, வயிற்று உப்புசம், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு என்று விளைவுகள் தொடர்ந்ததால் இந்த முறை கைவிடப்பட்டது. அக்காலக் கட்டுரைகளில் எடை இழப்பு அட்டவணைகளுக்குக் குறைவில்லை. கழிவறையை விட்டு நகர முடியாமல் வேலையை எப்படிப் பார்த்தார்கள், விருந்துக்கு எப்படிப் போனார்கள் என்பதற்கு அவற்றில் பெரும்பாலும் இடமில்லை. இந்தத் துறையின் பெருங்குறையாக இதைச் சொல்ல வேண்டும்.

திருப்புமுனை அயோவா பல்கலைக்கழகத்தில் நேர்ந்தது. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்ட பெண்கள் மெலிந்தே இருப்பதை எட்வர்ட் மேசன் கவனித்தார். 1966இல் சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். குடலைப் பட்டினி போடுவதைவிட இரைப்பையைச் சிறிதாக்குவதே மேல் என்று இத்துறை அதன்பின் தெளிந்தது. பித்தம் மேலேறும் தொல்லையைத் தவிர்க்க, சுவிட்சர்லாந்தின் சேசர் ரூ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்திருந்த ஒய் வடிவ இணைப்பை 1977இல் அறுவை மருத்துவர் கிரிஃபன் பைபாஸில் புகுத்தினார்.

1980இல் மேசனே குடலைத் தொடாத ஒரு முறையையும் தந்தார். இரைப்பையின் மேற்பகுதியைத் தையலிட்டுப் பிரித்து, அதன் வாயில் ஒரு பட்டையைச் சுற்றுவது அது. இறைச்சியும் ரொட்டியும் அந்தக் குறுகிய வாயில் சிக்கின. ஐஸ்கிரீமும் மில்க்‌ஷேக்கும் வழுக்கிக்கொண்டு இறங்கின. நோயாளிகள் பலர் இறங்குவதையே உண்ணத் தொடங்கினர், எடை திரும்பியது. உண்ணும் பழக்கத்தைக் கவனிக்காமல் வயிற்றை மட்டும் தைத்துப் பயனில்லை என்பது அறுவை அரங்கிலேயே மெய்ப்பட்டது இப்படித்தான். 1994இல் அறுவை மருத்துவர்கள் விட்குரோவும் கிளார்க்கும் சிறு துளைகள் மூலம் செய்யும் லேப்ராஸ்கோப்பி வழியே பைபாஸ் செய்ததை வெளியிட்டபின், பெரிய கீறலும் நீண்ட படுக்கையும் குறைந்தன. பைபாஸுக்குப் பின் நீரிழிவு கட்டுக்குள் வருவதை வடக்குக் கரோலினாவின் வால்டர் போரீஸ் 1995இல் விரிவாக எழுதினார்.

உடலின் சிரமங்கள்

முதல் சில வாரங்களுக்குத் தெளிந்த நீர்மம், பிறகு கூழ், பிறகு குழைந்த உணவு என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, மெல்ல விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு கவளம் கூடிப்போனாலும் நெஞ்சுக்குக் கீழே அடைத்துக்கொண்டு, நுரையும் எச்சிலுமாக வெளியே வரும்.

பைபாஸ் செய்தவர்களை அதிகம் மிரட்டுவது டம்பிங். இனிப்பு சிறுகுடலில் சட்டென்று கொட்டுவதால், உண்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்று முறுக்கல், பேதி ஆகியவை வரும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவு தாழ்ந்து, கை நடுங்கித் தலை சுற்றும். இனிப்பைத் தவிர்ப்பதும், புரதத்தை முதலில் உண்பதும், சிறிது சிறிதாகப் பல வேளை உண்பதும் இதற்கு நல்ல மருந்து.

மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொத்துக் கொத்தாக உதிர்வது பலரையும் கலங்கவைக்கும். வேகமான எடை இழப்பின் விளைவு அது. புரதமும் இரும்புச்சத்தும் குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டும் வளரும். பித்தப்பைக் கற்களும் இக்காலத்தில் உருவாகலாம். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. விடாத வாந்தியை அலட்சியப்படுத்தக் கூடாது. தயமின் என்ற பி1 சத்து தீர்ந்து, நடை தள்ளாடி, பார்வை இரட்டையாகி, நினைவு குலையும் நிலைக்கு அது கொண்டுபோய்விடும். கருத்தரிப்பதை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள். வயிற்றிலும் கையிலும் தொங்கும் தோல் உடற்பயிற்சியால் முழுதும் மறைவதில்லை.

மனத்தின் சிரமங்கள்

இந்த அறுவைக்கு மக்கள் ஏன் துணிகிறார்கள் என்பதற்கு, ஃபுளோரிடாவில் ராண்ட், மக்கிரகர் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வே போதுமான சான்று. அறுவைக்குப் பின் 45 கிலோவுக்கு மேல் இழந்த 47 பேரிடம் அவர்கள் பேசினர். பழைய பருமனுக்குத் திரும்புவதைவிடக் காது கேளாமல் இருப்பதே மேல் என்று எல்லோரும் கூறினர். ஒரு காலை இழப்பதே மேல் என்றவர்கள் பத்தில் ஒன்பது பேர். உடற்பருமன் உடையவர்கள் அன்றாடம் எவ்வளவு இழிவைச் சுமக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வயிறு சுருங்கினாலும் உணவின்மேல் உள்ள பற்று எல்லோருக்கும் சுருங்கிவிடுவதில்லை. கோபம், தனிமை, சலிப்பு ஆகியவற்றுக்கு உணவையே துணையாகக் கொண்டிருந்தவர்களுக்கு அறுவைக்குப்பின் அந்தத் துணை பறிபோகிறது. அது ஒருவகைத் துக்கம். அழுகையாகவும் எரிச்சலாகவும் வெளிப்படும். சிலர் மதுவின் பக்கம் சாய்கிறார்கள். பைபாஸுக்குப் பின் மது விரைவாகவும் கடுமையாகவும் ஏறுகிறது. மதுப் பிரச்சினை இரண்டாம் ஆண்டில் கூடுவதை அமெரிக்க ஆய்வொன்று 2012இல் காட்டியது. யூட்டாவில் ஆடம்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவை செய்தவர்களிடையே நோயால் நேரும் இறப்பு வெகுவாகக் குறைந்தது. தற்கொலை, விபத்து போன்றவற்றால் நேரும் இறப்போ கூடியிருந்தது. எனவே மனநல ஆலோசனையை அறுவைக்கு முந்தைய ஒருநாள் சடங்காக முடித்துவிடக் கூடாது. எடை இறங்குவது நின்று மெல்ல ஏறத் தொடங்கும் பிந்தைய ஆண்டுகளில்தான் அது மிகவும் தேவைப்படுகிறது.

உறவுகளும் அசைகின்றன. 2018இல் வெளியான சுவீடன் ஆய்வில், தனியாக இருந்தவர்கள் புதிய உறவுகளில் இணைவதும், ஏற்கெனவே இணைந்திருந்தவர்கள் பிரிவதும் கூடியிருந்தன. தன்மதிப்பு கூடும்போது, முன்பே விரிசல் விட்டிருந்த உறவைச் சகித்துக்கொள்ள மனம் மறுக்கிறது என்றே இதைக் கொள்ள வேண்டும். கண்ணாடியில் தெரியும் உருவத்தை மனம் ஏற்கவும் நாளாகிறது. குறுகலான வழியில் உடலைப் பக்கவாட்டில் திருப்பும் பழக்கம் எடை போனபின்பும் தொடர்வதுண்டு.

இலையில் மீதம் வைப்பது மரியாதைக் குறைவு என்று கருதும் தமிழ்க் குடும்பங்களில் விருந்து தனிச் சோதனை. 'ஒரு கரண்டிதானே' என்ற வற்புறுத்தலைத் தாங்க, வீட்டாருக்கு முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. இதே அறுவையைச் செய்துகொண்டவர்கள் கூடிப் பேசும் குழுக்கள் பெரிதும் உதவுகின்றன.

இன்றைய நிலை

2022இன் பன்னாட்டு வழிகாட்டுதல், இந்த அறுவையைச் செய்துகொள்வதற்கு ஆசியர்களுக்கான உடல் நிறை எண் வரம்பை 27.5 வரை தாழ்த்தியுள்ளது. செமாகுளுடைடு போன்ற ஊசி மருந்துகள் அறுவைக்கு மாற்றாகவும், அறுவைக்குப்பின் ஏறும் எடையைத் தடுக்கவும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.