பெரிய மார்க்கெட் கடல்பாசியும் மருத்துவமனை ஜெல்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம பெரிய மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் சப்ஜா விதை, பாதாம் பிசின், கடல்பாசி மூன்றும் கிடைக்கும். முதல் இரண்டையும் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பி வழுவழுப்பாகிவிடும். கடல்பாசியைக் காய்ச்சி ஆறவிட்டால் உறைந்துவிடும். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத நீண்ட இழைகள் வலைபோலப் பின்னிக்கொண்டு, தம் எடையைவிடப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதற்குத்தான் ஹைட்ரோஜெல் என்று பெயர்.

இது மருத்துவத்துக்குள் நுழைந்தது ஒரு சமையலறை வழியாக.

1881ஆம் ஆண்டு வாக்கில், ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்தார்கள். வெயில் காலத்தில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதையே கரைத்து நீராக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேவுக்கு வழி சொன்னவர் அவருடைய மனைவி ஃபேன்னி. ஜெல்லி செய்ய அவர் அகர் அகர் பயன்படுத்துவார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு பக்கத்து வீட்டாரிடம் கற்றுக்கொண்டது அது. அகர் அகர் வேறொன்றும் இல்லை, நம் கடல்பாசிதான். ஒருமுறை உறைந்துவிட்டால் மறுபடி உருக சுமார் 85 டிகிரி சூடு வேண்டும். ஆகவே உடல் சூடான 37 டிகிரியிலும் அது கெட்டியாகவே நிற்கும். பெரும்பாலான கிருமிகளால் அதைக் கரைக்கவும் முடியாது.

1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாகக் காக் அறிவித்தார். அந்த ஆண்டு வந்த அவருடைய கட்டுரையில் அகர் பற்றிப் பேச்சு உண்டு, ஃபேன்னியின் பெயர் இல்லை. 1887இல் மூடி போட்ட கண்ணாடித் தட்டை அமைத்தவர் பெட்ரி. அதை இன்றும் பெட்ரி தட்டு என்கிறோம். தட்டுக்குப் பெயர் கிடைத்தது. அதற்குள் ஊற்றும் கூழைத் தந்தவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த பெரிய திருப்பமும் வீட்டில்தான் நடந்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஓட்டோ விக்டர்லே, லிம் என்பவரோடு சேர்ந்து, தண்ணீரை உறிஞ்சி மென்மையாகும் ஒரு செயற்கைப் பொருளை உருவாக்கியிருந்தார். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகள் விளையாடும் மெர்க்குர் உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே ஒரு இயந்திரம் செய்தார். சுழலும் அச்சில் திரவத்தை ஊற்றி, மெல்லிய கான்டாக்ட் லென்ஸ் வார்த்தார். இன்று உங்களில் சிலர் கண்ணில் போட்டிருக்கும் மெத்தென்ற லென்ஸின் தொடக்கம் அதுதான்.

புண்ணைக் காற்றாட விட்டால்தான் காயும் என்று நம் வீடுகளில் சொல்வோம். 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளிடம் சோதித்து, ஈரம் காத்து மூடிய காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக வளர்வதைக் காட்டினார். தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் வைக்கும் ஜெல் கட்டுகள் இந்த வழியில் வந்தவை. (அதற்காக வீட்டுக் கடல்பாசியைப் புண்ணில் வைத்துவிடாதீர்கள்! சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.)

இனி நம்மூர்ப் பக்கம் வருவோம். அகர் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் மன்னார் வளைகுடாவில் விளைகின்றன. பாம்பன், ராமேஸ்வரம் பகுதிப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து கையால் பறிக்கிறார்கள். 1986இல் அங்குள்ள தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு அவர்கள் பிழைப்புக்குத் தடை வந்தது. பாசி அழியாமல் இருக்க, பறிக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. ஃபேன்னிக்குக் கிடைக்காதது, நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு பாசி பறிக்கும் பெண்ணுக்குக் கிடைத்தது. அவரோடு மூழ்கும் மற்றவர்களை யாருக்குத் தெரியும்?

உங்களில் லேப் டெக்னீஷியனாக, நர்ஸாக இருப்பவர்கள் உண்டு. அடுத்த முறை கல்ச்சர் தட்டு தயாரிக்கும்போது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஃபேன்னியையும் பாம்பன் பெண்களையும் பற்றி ஒரு நிமிடம் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாததை வகுப்பில் சொல்வதும் ஆசிரியர் வேலைதானே!