ஸ்போர்ட் பைலட் சான்றிதழ்

ஸ்போர்ட் பைலட் சான்றிதழ் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் பொழுதுபோக்கிற்காகச் சிறிய விமானங்களை ஓட்ட விரும்புவோருக்கு அந்நாட்டின் கூட்டரசு வான்போக்குவரத்து நிருவாகம் வழங்கும் விமானிச் சான்றிதழ் ஆகும். இது 2004 ஆம் ஆண்டு செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தனியார் விமானிச் சான்றிதழைவிடக் குறைந்த பயிற்சி நேரத்தில் இதனைப் பெறலாம். மேலும், மருத்துவச் சான்றிதழுக்குப் பதிலாக வாகன ஓட்டுநர் உரிமமே போதுமானது. இவ்விரு காரணங்களால், நடுத்தர வயதைக் கடந்த பின்னர் பறக்கக் கற்பவர்களுக்கு இது ஏற்ற வழியாக உள்ளது.

வயது

இச்சான்றிதழைப் பெறக் குறைந்தது 17 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். மேல் வயது வரம்பு எதுவும் இல்லை. அமெரிக்க விமான நிறுவனங்களின் விமானிகள் 65 வயதிற்குப் பின் அப்பணியில் பறக்க இயலாது; 2007 ஆம் ஆண்டு வரை இவ்வரம்பு 60 ஆக இருந்தது. ஆனால் அதே 65 வயதில் ஒருவர் பொழுதுபோக்கிற்காகப் புதிதாகப் பறக்கக் கற்கத் தொடங்குவதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

பயிற்சி

குறைந்தது 20 மணிநேரப் பறப்புப் பயிற்சி தேவை. இதில் 15 மணிநேரம் பயிற்றுநருடனும் 5 மணிநேரம் தனியாகவும் பறக்க வேண்டும். தனியார் விமானிச் சான்றிதழுக்கு இது பொதுவாக 40 மணிநேரம் ஆகும். இவை சட்டம் கூறும் குறைந்த அளவுகளே. பலருக்கு இதைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. மேலெழுதல், தரையிறங்குதல், வேகம் குறைந்து இறக்கைகள் உயர்த்துவிசையை இழக்கும் நிலையிலிருந்து மீளுதல், பொறி நின்றுவிட்டால் இறங்குதல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன.

மாணவர் ஆயத்தமாகிவிட்டார் எனப் பயிற்றுநர் கருதும்போது, அவரைத் தனியே பறக்க அனுமதிப்பார். முதல் தனிப்பறப்பை முடித்தவரின் சட்டையின் பின்பகுதியை வெட்டியெடுத்து நினைவாக வைத்திருப்பது அமெரிக்கப் பயிற்சி நிலையங்களில் காணப்படும் ஒரு வழக்கம். இறுதியில் எழுத்துத் தேர்விலும், வாய்மொழி வினாக்களும் பறப்பும் அடங்கிய செய்முறைத் தேர்விலும் தேர்ச்சி பெற வேண்டும்.

உடல்தகுதி

தனியார் விமானியாகப் பறப்போர் பொதுவாக மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் பெறுவர். மாரடைப்பு, வலிப்பு நோய், இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு முதலியன இருப்பின் அது நேரடியாகக் கிடைக்காது. தனி ஆய்வுக்குப் பின்னரே சிறப்பு அனுமதி வழங்கப்படலாம். 40 வயதிற்கு உட்பட்டோருக்கு 60 மாதங்கள் செல்லும் இச்சான்றிதழ், அதற்கு மேற்பட்டோருக்கு 24 மாதங்களே செல்லும்.

ஸ்போர்ட் பைலட் முறையில் ஓட்டுநர் உரிமம் ஏற்கப்படினும், இதில் ஒரு முக்கிய விதிவிலக்கு உண்டு. ஒருவர் கடைசியாக விண்ணப்பித்த மருத்துவச் சான்றிதழ் மறுக்கப்பட்டிருந்தால், ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு அவர் பறக்க இயலாது. ஒருபோதும் விண்ணப்பிக்காதவருக்கும், முன்னர் பெற்ற சான்றிதழ் காலாவதி மட்டுமே ஆனவருக்கும் இத்தடை இல்லை. எனவே உடல்நலக் குறைபாடு உள்ள முதியவர் எந்தச் சான்றிதழை முதலில் நாடுகிறார் என்பதே அவர் பறக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

மருத்துவப் பரிசோதனை இல்லை என்பதால் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. பாதுகாப்பாகப் பறக்க இயலாத உடல்நிலை தமக்கு இருப்பதை அறிந்தவர் பறக்கக் கூடாது என்பது சட்டம். அதனை ஒவ்வொரு பறப்பிற்கு முன்னரும் விமானியே முடிவு செய்ய வேண்டும்.

விமானங்களும் கட்டுப்பாடுகளும்

தொடக்கத்தில் இரண்டு இருக்கைகளும், தரையிறங்கும் வகைகளில் அதிகபட்சம் 600 கிலோகிராம் எடையும் கொண்ட விமானங்களே அனுமதிக்கப்பட்டன. பழைய பைப்பர் ஜே-3 கப் இவ்வரம்பிற்குள் அடங்கும். 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் எடை வரம்பை நீக்கி, விமானம் எவ்வளவு குறைந்த வேகத்தில் பறக்க இயலும் என்பதை அளவுகோலாக்கின. இதனால் செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானங்களையும் ஓட்ட முடிகிறது. எனினும் ஒரு பயணியை மட்டுமே ஏற்றலாம். கட்டணம் பெற்றுப் பறத்தல் கூடாது. இரவில் பறக்கக் கூடுதல் பயிற்சியுடன் மருத்துவத் தகுதியும் வேண்டும்.

சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. ஆயினும் பொதுவாக 24 மாதங்களுக்கு ஒருமுறை பயிற்றுநருடன் மீளாய்வுப் பறப்பு மேற்கொள்ள வேண்டும்.