பற்றுச்சீட்டின் கதை



தோட்டத்து மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கிய நம் பெற்றோர், அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்ததை நாம் அறிவோம். சம்பள நாளில் கடைக்காரரின் கணக்கும் நம் புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். எழுத்தில் இல்லாததை வாயால் சொல்லிப் பயனில்லை. இதே பாடத்தை நாட்டின் வரிச் சட்டமும் வியாபாரிகளுக்குக் கற்பித்தது.

மலேசியாவில் விற்பனை வரி 1972-இலும், சேவை வரி 1975-இலும் வந்தன. விற்பனை வரியைப் பொருளைத் தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோ ஒரே முறை கட்டினார். அது விலையோடு கலந்து கடைக்கு வந்தது. கடைக்காரர் அதைத் திரும்பக் கேட்க வழியில்லை. 2015 ஏப்ரல் 1-ஆம் நாள் இவ்விரண்டுக்கும் பதிலாக 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நடப்புக்கு வந்தது. இவ்வகை வரியை 1954-இல் பிரான்சு நாடு முதன்முதலில் கொண்டுவந்தது.

அது எப்படி நடந்தது? நம் ஆயர் ஈத்தாம் மண்பாண்டக் கடைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆகவே பூச்சாடி செய்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 100 வெள்ளிக்குக் களிமண் வாங்கி, 6 வெள்ளி வரி கொடுத்தார். சாடிகளை 200 வெள்ளிக்கு விற்று, 12 வெள்ளி வரி வாங்கினார். 12-இல் 6-ஐக் கழித்து, மீதி 6 வெள்ளியைச் சுங்கத்துறைக்குக் கட்டினால் போதும். ஆனால் களிமண் வாங்கிய சீட்டு இல்லையென்றால் கழிக்க முடியாது. 12 வெள்ளியும் கட்டவேண்டும். சீட்டைத் தொலைத்தவருக்கு 6 வெள்ளி கைநட்டம்.

எல்லாச் சீட்டும் செல்லாது. விற்றவரின் பெயர், முகவரி, வரிப் பதிவு எண், தேதி, வரிசை எண், பொருளின் விவரம், வரித்தொகை ஆகியவை வேண்டும். வாங்கியவர் பெயரில்லாத எளிய சீட்டுக்கு 30 வெள்ளி வரை மட்டுமே வரியைக் கழிக்கலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளிக்குக் குறைவாக விற்ற சிறு கடைகள் பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை. பதிவு செய்யாதவர் வரி வாங்கவும் கூடாது, கழிக்கவும் முடியாது.

2018 ஜூன் 1-இல் அவ்வரி சுழியமாயிற்று. செப்டம்பர் 1-இல் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பின. பழைய வரிக்கான இறுதிக் கணக்கை 120 நாட்களுக்குள் கொடுக்கவேண்டியிருந்தது. வரிதான் போய்விட்டதே என்று சீட்டுகளை உடனே கிழித்துவிட முடியவில்லை. கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம்.

2024 ஆகஸ்டு 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, மின்னியல் விலைப்பட்டியல் படிப்படியாக வந்தது. ஆயினும் சிறு வியாபாரம் செய்யும் நம் குடும்பங்களுக்குப் பழைய பாடம் மாறவில்லை. வருமான வரிக் கணக்கில் செலவைக் காட்டவும் சீட்டு வேண்டும். கடை இயந்திரம் தரும் வழவழப்பான சீட்டில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். ஆகையால் உடனே படியெடுத்து, மாதவாரியாக ஓர் உறையில் போட்டுவைப்போம். அந்த வேலையைப் பள்ளி செல்லும் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். கணக்கும் பழகும், வீட்டுப் பணமும் வீணாகாது.