முகைதீன் என்றொரு பெயர்

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையோரத்திலும் பிறந்த முஸ்லிம்களின் பெயர்களைக் கூர்ந்து கவனித்தால் அவை இரண்டு அடுக்குகளாக இருப்பது தெரியும். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்று எந்த ஊரை எடுத்தாலும் மூத்த தலைமுறையில் ஒரு முகைதீனாவது இருப்பார். அவருடைய பேரப்பிள்ளைகளில் அந்தப் பெயருக்குரிய ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பேரனின் பெயருக்கு முன்னால் 'எம்.' என்ற ஒற்றை எழுத்தாக மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைப் பல வருடங்களாக யோசித்து வந்திருக்கிறேன். ஒரு பெயரின் கதை ஒரு கரையின் கதையாகவும் இருக்கக்கூடும் என்பதே எனது எண்ணம்.

முதலில் பெயரின் உருவங்களைப் பார்ப்போம். முஹ்யித்தீன் என்பது அரபு மூலம். தமிழ் நாவில் அது முகியித்தீன், முகையதீன், முகைதீன், மொகிதீன் என்றெல்லாம் மாறிக் கடைசியில் மைதீன் என்று சுருங்கியது. மலையாளக் கரையில் மொய்தீன், மொய்து என்று ஆனது. தனித்தும் வரும், கூட்டாகவும் வரும்: முகைதீன் பிச்சை, செய்கு முகைதீன், காதர் முகைதீன், குலாம் முகைதீன், முகைதீன் பாவா. பெண்களையும் அது விட்டுவைக்கவில்லை. முகைதீன் நாச்சியா, மைதீன் பாத்து என்ற பெயர்களை எமது மூத்தம்மாமார் காலத்தவர்கள் சுமந்தார்கள். அப்துல் காதர் என்ற பெயரும் இதே ஊற்றிலிருந்து வந்ததுதான்.

'மார்க்கத்தை உயிர்ப்பிப்பவர்' என்பது இதன் பொருள். நாம் அன்றாடம் சொல்லும் 'ஹயாத்' என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. ஆயினும் தொடக்கத்தில் இது குழந்தைக்குச் சூட்டும் பெயராக இருக்கவில்லை. பெரியவர்களுக்கு வழங்கும் பட்டமாகவே இருந்தது. அப்பாஸிய கலீபாக்கள் பத்தாம் நூற்றாண்டில் புவைஹ் வம்சத்தாருக்கு 'தவ்லா' என்று முடியும் பட்டங்களை வழங்கினார்கள். பின்னர் ஸல்ஜூக்கியர் காலத்தில் 'தீன்' என்று முடியும் பட்டங்கள் பெருகின. ஸலாஹுத்தீன் ஐயூபியின் சொந்தப் பெயர் யூஸுப். ஸ்பெயினில் பிறந்த ஞானி இப்னு அரபி (1165–1240) முஹ்யித்தீன் என்ற பட்டத்தால் அறியப்பட்டவர். அவரது பெயர் முஹம்மத். ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவிக்கும் (1233–1277) இதே பட்டம் உண்டு. அவரது பெயர் யஹ்யா. காலப்போக்கில் பட்டம் பெயராகியது. முகலாயப் பேரரசர் ஒளரங்கசீப்பின் இயற்பெயரும் முஹ்யித்தீன் முஹம்மத்தான்.

எமது கரையில் முகைதீன் என்றால் மேற்சொன்ன எவரும் நினைவுக்கு வரமாட்டார்கள். இங்கு அது பக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களையே (1077–1166) குறித்தது. அவருக்கு இப்பட்டம் வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். பக்தாதுக்குத் திரும்பும் வழியில் நோயால் மெலிந்து விழுந்து கிடந்த ஒருவரை அவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டாராம். எழுந்தவர் உடல் தேறி, "நான்தான் தீன், நலிந்து கிடந்த என்னை நீர் உயிர்ப்பித்தீர்" என்றாராம். இது வாழ்க்கைச் சரிதத்தை விடப் பக்தி மரபுக்கே உரியது. ஆனால் எழுத்தறியாதவர்களும் பெயரின் பொருளைக் கற்றுக்கொண்டது இந்தக் கதையின் மூலந்தான்.

பக்தாதின் பெயர் எமது கரைக்குக் கடல்வழியாக வந்தது. காதிரிய்யாத் தரீக்கா காயல்பட்டினம், கீழக்கரை போன்ற துறைமுக ஊர்களில் வேரூன்றி, மரக்கல வணிகர்களுடனும் ஆலிம்களுடனும் இக்கரைக்கு வந்தது. ஜீலானி அவர்களைப் புகழும் 'குத்பிய்யா' என்ற அரபுப் பாடல் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸதகத்துல்லாஹ் அப்பாவுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு தமிழில் முகியித்தீன் சதகம் பாடினார். கள்ளிக்கோட்டையில் காழி முஹம்மத் 1607ஆம் ஆண்டிலேயே முஹ்யித்தீன் மாலையை அரபு மலையாளத்தில் இயற்றிவிட்டார். மேற்குக் கரையிலிருந்து மன்னார்க் குடாவரை ஒரே பெயரைச் சொல்லிக் கடலோடிகள் பாய் விரித்தார்கள். மன்னாரின் முத்துக்குளிப்புக் காலங்களில் தென்னிந்தியக் கரையின் முஸ்லிம் சுழியோடிகள் இங்கு வந்து தங்கினார்கள். 1905இல் மரிச்சுக்கட்டிக் கரையில் எழுந்த ஓலைக்குடில் நகரத்தில் மைதீன் என்று உரத்துக் கூப்பிட்டிருந்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்களோ!

ஊருக்குள் வந்தால் இந்தப் பெயர் நாட்காட்டியிலேயே குடியிருந்தது. ரபீஉல் ஆகிர் மாதத்தை எங்கள் மூத்தம்மாமார் முகைதீன் ஆண்டகை மாதம் என்றுதான் சொல்வார்கள். அம்மாதத்தில் மௌலூது ஓதிக் கந்தூரிச் சோறு பகிர்வார்கள். அந்நாட்களில் பிறந்த ஆண்பிள்ளைக்குப் பெயர் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிள்ளைகள் தங்காத வீட்டில் நேர்ச்சை வைத்துப் பெற்ற பிள்ளைக்கும் அதே பெயர்; அதனோடு 'பிச்சை' என்பதும் சேர்ந்துகொள்ளும். இரந்து பெற்ற பிள்ளை என்பது அதன் கருத்து. மருத்துவமனையும் தடுப்பூசியும் எட்டாத காலத்தில், மலேரியாவும் வயிற்றோட்டமும் தொட்டில்களை வெறுமையாக்கிய கரையில், ஒரு தாயின் பயமும் மன்றாட்டும் இந்தப் பெயருக்குள் இருந்தன. இதை மறந்துவிட்டு அதனை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் கடந்து போவது நியாயமாகாது.

பெயர் ஏன் அருகியது? ஒரு காரணம் போதாது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் வந்தபோது நாகூரும் கீழக்கரையும் எமக்கு அயலூர்களாகின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து எஞ்சியிருந்த சேவையும் யுத்தம் தொடங்கிய பின்னர் 80களின் நடுப்பகுதியில் நின்றுபோயிற்று. அக்கரைக்கு நேர்ச்சையோடு போய்வரும் வழி அடைபட்டது. அதே காலத்தில் இளைஞர்களின் பயணம் வளைகுடா நாடுகளை நோக்கித் திரும்பியது. அங்கிருந்து பணத்தோடும் பொருட்களோடும் புதிய பெயர்களும் வந்தன. பெயர்க் கையேடுகள் கடைகளில் விற்பனையாகின. இரண்டு அசைப் பெயர்கள், சகோதரர்கள் எல்லோருக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் என்று புதிய நாகரிகம் பரவியது. மன்னாரைச் சேர்ந்த அரசியல்வாதிகளான நூர்தீன் மசூர், ரிஷாட் பதியுதீன் ஆகியோரின் பெயர்களைப் பாருங்கள். ஒரு பாதி பழைய 'தீன்' வகை, மறுபாதி புதிய வகை. இரண்டு காலங்கள் ஒரே பெயரில் அருகருகே நிற்கின்றன.

மார்க்கச் சீர்திருத்தக் குரல்களும் ஒரு காரணம். நேர்ச்சையும் அழைத்து உதவி தேடுதலும் அல்லாஹ்வுக்கே உரியவை என்று அவர்கள் சொன்னது கொள்கை சார்ந்த வாதம்; அதனை மதிக்கிறேன். ஆயினும் அந்த வாதம் வணக்கத்தைப் பற்றியது. முஹ்யித்தீன் என்ற சொல்லில் இணைவைப்பு எதுவும் இல்லை. உண்மையில் இந்தப் பெயருக்கு எதிரான வலுவான தடை வேறோர் இடத்திலிருந்து வருகிறது. இமாம் நவவி தம்மை முஹ்யித்தீன் என்று அழைப்பதை வெறுத்தார் என்றும், அப்படி அழைப்பவரை மன்னிக்கமாட்டேன் என்று சொன்னார் என்றும் அறிவிக்கப்படுகிறது. தன்னைத் தானே உயர்த்திக் கூறும் பெயர் என்பதே அவரது கூச்சம். 'நற்குணமுடையவள்' என்று பொருள்படும் பர்ரா என்ற பெயரை நபி (ஸல்) அவர்கள் ஸைனப் என்று மாற்றிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. இப்படிப் பார்த்தால் ஸலாஹுத்தீனும் நூருத்தீனும் அதே தராசில் நிறுக்கப்பட வேண்டியவை. அவற்றை விட்டுவிட்டு முகைதீனை மட்டும் ஒதுக்கியது ஏன் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பிற இடங்களில் அப்பெயருக்கு அந்தக் கதி நேரவில்லை. இலங்கை முழுவதும் அறிந்த பாடகர் முகைதீன் பேக் (1919–1991) சேலத்தில் பிறந்து இங்கு வந்து புகழ்பெற்றவர். 2020–2021இல் மலேசியாவின் பிரதமராக இருந்தவரின் பெயர் முஹ்யித்தீன் யாஸீன்.

இத்தனைக்கும் மேலாக 1990 வந்தது. அவ்வருடம் ஒக்டோபர்க் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர்; அவர்களில் பெரும்பாலோர் மன்னார் மாவட்டத்தவர். தோணிகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள் ஆலங்குடாவிலும் தில்லையடியிலும் நாகவில்லிலும் ஓலைக்கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அங்கு பிறந்த ஒரு முழுத் தலைமுறைக்கு மன்னார் என்பது பெரியவர்கள் சொல்லும் ஊர். கந்தூரி நடந்த முற்றமும் இல்லை, பெயருக்குரிய மாதத்தை நினைவூட்டும் அயலாரும் இல்லை. பெயரை வைப்பதற்கான சூழலே கலைந்துபோயிற்று.

2009இல் யுத்தம் முடிந்து மீளக் குடியேற முயன்றபோது பழைய பெயர் இன்னொரு வடிவத்தில் எதிரே வந்து நின்றது. காணி உறுதியில் முகைதீன், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் மொஹிடீன், அடையாள அட்டையில் மைதீன். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மக்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். நாவு மகிழ்ச்சியோடு செய்த திரிபுகளைக் காகிதம் சந்தேகத்தோடு பார்த்தது. தகப்பனின் பெயரே தகப்பனின் காணிக்குக் குறுக்கே நின்றது.

குழந்தைகளுக்கு மறுபடியும் முகைதீன் என்று பெயர் வையுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பெயர் வைப்பது பெற்றோரின் உரிமை; ஒவ்வொரு காலமும் தனக்குரிய பெயரைத் தேடிக்கொள்ளும். நான் கேட்பது ஒன்றுதான். அந்த 'எம்.' என்ற எழுத்தை விரித்து எழுதுங்கள். பள்ளிவாசல்களின் பழைய விவாகப் பதிவேடுகளிலும், எஞ்சியிருக்கும் மீஸான் கட்டைகளிலும், பாடசாலைகளின் பழைய வரவு இடாப்புகளிலும் உள்ள பெயர்களை ஊர் ஊராகத் தொகுத்து வையுங்கள். வீடுகள் இடிந்து, உறுதிகள் தொலைந்து, எல்லைக் கற்கள் காட்டுக்குள் மறைந்த ஒரு கரையில், நாம் எந்தக் கடலின் மக்கள் என்பதற்கு முகைதீன் பிச்சையும் மைதீன் பாத்துவும் சாட்சி சொல்வார்கள். அவர்களை முழுப்பெயரோடு அறிந்தவர்கள் எம்மிடையே இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.